எல்லையை வரைவது யார்? ஒரு கவுண்டி, மூன்று ஊர்கள்



யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ, அந்த அண்ணனோடு கிராமங்களுக்கு ஆய்வுக்குப் போனவர்கள் இந்த அரங்கில் பலர் இருக்கிறீர்கள். எந்தக் கிராமத்துக்குப் போனாலும் அவர் முதலில் கேட்பது கிராம வரைபடத்தைத்தான். எத்தனை வீடு, எத்தனை ஏக்கர் என்பதையெல்லாம் பிறகு எழுதிக்கொள்ளலாம், ஊர் எங்கே முடிகிறது என்று முதலில் கேளுங்கள் என்பார். ஊர்த் தெருவில் கேட்டால் ஒரு இடத்தைக் காட்டுவார்கள். சேரியில் கேட்டால் வேறொரு இடத்தைக் காட்டுவார்கள். வருவாய்த்துறைப் படத்தில் மூன்றாவதாக ஒரு கோடு இருக்கும். அந்த மூன்று கோடுகளுக்கு நடுவில்தான் நம்முடைய வரலாறு கிடக்கிறது என்பது அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

இன்றைக்கு நான் விரிக்கப்போவது வெகுதூரத்து வரைபடம் ஒன்றை. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஆரஞ்சு கவுண்டி என்ற பகுதி இருக்கிறது. கவுண்டி என்பதை நம்முடைய மாவட்டம் போல வைத்துக்கொள்ளுங்கள். அதில் விண்டர் பார்க் என்று ஒரு சிறு நகரம். இன்று மக்கள்தொகை ஏறத்தாழ 30,000. அந்த நகரம் எப்படிக் குடியேற்றப்பட்டது, எப்படிச் சட்டப்படி நகரானது என்பதே பேச்சின் பொருள். அதைப் புரிந்துகொள்ள அதன் அண்டை ஊர்கள் இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

இவ்வளவு தூரம் எதற்காகப் போகவேண்டும் என்று கேட்கலாம். நம் நாட்டில் ஊருக்கும் சேரிக்கும் நடுவே உள்ள எல்லை வழக்கத்தால் ஆனது. யார் வரைந்தார், எந்த நாளில் வரைந்தார் என்று கேட்டால் பதில் வராது. காலங்காலமாக அப்படித்தான் என்பார்கள். விண்டர் பார்க்கில் அதே வேலையைத் தேதி போட்டு, வாக்கெடுத்து, சட்டமியற்றிச் செய்தார்கள். அதனால் எல்லை என்ற கருவி எப்படி இயங்குகிறது என்பது அங்கே வெளிச்சமாகத் தெரிகிறது.

ஊரைப் பதிவுசெய்தல் என்றால் என்ன

அமெரிக்காவில் ஓர் இடத்தில் நூறு வீடு இருந்தாலும் ஆயிரம் வீடு இருந்தாலும் அது தானாக நகராட்சி ஆகிவிடாது. பதிவு பெறாத வரை அந்தக் குடியிருப்பைக் கவுண்டிதான் ஆளும். சாலை, காவல், வரி எல்லாம் கவுண்டி அதிகாரிகளின் கையில் இருக்கும். குடியிருப்போர் கூடி, மாநிலச் சட்டம் சொல்லும் எண்ணிக்கையில் வாக்களித்து, எல்லையைக் குறித்து, தங்களை நகராட்சியாகப் பதிவுசெய்துகொண்டால் நிலைமை மாறிவிடும். மேயர், நகரமன்றம், ஊர்க்காவலுக்கு ஒரு மார்ஷல், வரிபோடும் உரிமை, ஊருக்கென்று சட்டம் இயற்றும் உரிமை எல்லாம் வந்துசேரும். இதைத்தான் அங்கே இன்கார்ப்பரேஷன் என்கிறார்கள். நகராட்சியாக்கம் என்று நாம் சொல்லலாம்.

ஆகவே அங்கே எல்லைக்கோடு என்பது வெறும் நிலஅளவைக் காரியம் அல்ல. கோட்டுக்கு உள்ளே இருப்பவருக்கு ஊராட்சியில் வாக்கு உண்டு, வெளியே இருப்பவருக்குக் கிடையாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை புரியும்.

தண்டவாளத்துக்கு மேற்கே

1880இல் ஆர்லாண்டோவுக்கும் சான்ஃபோர்டுக்கும் நடுவில் ரயில் பாதை போடப்பட்டது. அடுத்த ஆண்டே லோரிங் சேஸ், ஆலிவர் சாப்மன் என்ற இருவர் அந்தப் பாதையோரம் ஏரிகள் சூழ்ந்த 600 ஏக்கர் நிலத்தை 13,000 டாலருக்கு வாங்கினார்கள். வடக்கு மாநிலங்களின் பனிக்குளிரிலிருந்து தப்பிவரும் பணக்காரர்களுக்கு ஒரு குளிர்கால ஊர் அமைப்பது அவர்கள் திட்டம். விண்டர் பார்க் என்ற பெயரே அதைச் சொல்லும். வீட்டுமனை, பூங்கா, விடுதி, ஆரஞ்சுத் தோட்டம் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே வரைபடம் போட்டார்கள். 1885இல் ரோலின்ஸ் கல்லூரி அங்கே நிறுவப்பட்டது. மறு ஆண்டு செமினோல் விடுதி திறக்கப்பட்டது.

விடுதி என்றால் துணி துவைக்க, சமைக்க, பெட்டி தூக்க ஆள் வேண்டும். தோட்டம் என்றால் பழம் பறிக்க ஆள் வேண்டும். ரயில் பாதைக்கும் உழைப்பவர் வேண்டும். அந்த உழைப்பாளிகள் கறுப்பின மக்கள். அடிமைமுறை ஒழிந்து இருபது ஆண்டுகூட ஆகாத காலம் அது. வரைபடத்தில் அவர்களுக்கும் இடம் குறிக்கப்பட்டது, தண்டவாளத்துக்கு மேற்கே. அந்தப் பகுதிக்கு ஹானிபல் ஸ்கொயர் என்று பெயர். ஏரிக்கரை மனைகள் கிழக்கே, உழைப்போர் மனைகள் மேற்கே. ஊருக்குக் கிழக்கே வாய்க்காலைத் தாண்டி, ஏரிக்கு அப்பால் என்று நம் ஊர்களில் சேரிக்கு வழி சொல்வார்களே, அங்கே தண்டவாளம் அந்த வாய்க்காலின் வேலையைச் செய்தது.

ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. ஹானிபல் ஸ்கொயர் மக்கள் மனைகளை விலைகொடுத்துச் சொந்தமாக வாங்கினார்கள். பட்டா அவர்கள் பெயரில் இருந்தது. இரண்டாவது வித்தியாசம், ஆண்களுக்கு வாக்கு இருந்தது. 1870இல் நிறைவேறிய அமெரிக்க அரசமைப்பின் 15ஆவது திருத்தம், இனம், நிறம், முன்பு அடிமையாக இருந்த நிலை ஆகியவற்றைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று விதித்திருந்தது.

1887: தண்டவாளத்தைக் கடந்து வந்த வாக்குகள்

1887இல் விண்டர் பார்க்கை நகராட்சியாக்கும் பேச்சு எழுந்தது. உடனே சண்டையும் எழுந்தது. ஹானிபல் ஸ்கொயரை எல்லைக்குள் சேர்ப்பதா, விடுவதா? சேஸ் தரப்பினர் சேர்க்கவேண்டும் என்றனர். எதிர்த்தரப்பு வேண்டாம் என்றது. கறுப்பின மக்கள் அன்று ஆபிரகாம் லிங்கனின் குடியரசுக் கட்சிக்கு வாக்களிப்பவர்கள். தெற்கு மாநில வெள்ளையர்களின் கட்சி ஜனநாயகக் கட்சி. உள்ளே சேர்த்தால் நகரமன்றம் யார் கையில் போகும் என்பதுதான் எதிர்த்தவர்களின் கவலை.

சேர்க்கவேண்டும் என்றவர்களை அவசரப்பட்டு நல்லவர்கள் என்று எழுதிவிட வேண்டாம். நகராட்சியாவதற்குப் போதுமான வாக்காளர்கள் கூடவேண்டும் என்பது சட்டம். மேற்கே இருப்பவர்கள் வராமல் அந்த எண்ணிக்கை தேறாது. அவர்களுக்குத் தேவை இருந்தது, அழைத்தார்கள். அந்தத் தேவையைத் தங்கள் மக்களுக்குப் பயனாக மாற்றியவர் கஸ் ஹெண்டர்சன் என்ற கறுப்பினத்தவர். பிறகு 1889இல் சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகையைத் தொடங்கி நடத்தியவர். அவர் மக்களிடம் பேசி, ஆட்களைத் திரட்டி, தண்டவாளத்தைக் கடந்து வாக்களிக்க அழைத்துவந்தார். 1887 அக்டோபர் 12 அன்று நடந்த வாக்கெடுப்பில் விண்டர் பார்க் நகராட்சியானது. ஹானிபல் ஸ்கொயர் எல்லைக்குள் வந்தது. வால்டர் சிம்ப்சன், ஃபிராங்க் இஸ்ரேல் என்ற இரண்டு கறுப்பின மக்கள் நகரமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்.

தெற்கு மாநிலம் ஒன்றில் 1887இல் இது சின்ன செய்தி அல்ல. ஊரின் வீடுகளில் வேலை செய்பவர்களின் பிரதிநிதிகள், அந்த வீட்டுக்காரர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து ஊர்க் கணக்கைப் பார்த்தார்கள்.

1893: ஒரு கோடு நகர்ந்தது

எதிர்த்தரப்பு சும்மா இருக்கவில்லை. அதற்குள் மாநிலச் சூழலும் மாறிவந்தது. 1885இல் இயற்றப்பட்ட ஃபுளோரிடாவின் புதிய அரசமைப்பு வாக்களிக்கத் தலைவரி விதிக்க வழிசெய்தது. 1889இல் அது சட்டமானது. அதே ஆண்டு வாக்குப்பெட்டிச் சட்டம் ஒன்றும் வந்தது. ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனிப் பெட்டி. சீட்டைத் தவறான பெட்டியில் போட்டால் வாக்கு செல்லாது. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாதவர் வாக்கு வீணாகும். எழுதப் படிக்கக் கற்பதே குற்றமாக இருந்த அடிமை வாழ்விலிருந்து வந்தவர்களைக் குறிவைத்த சட்டம் அது என்பதை விளக்கவேண்டியதில்லை. இந்தச் சட்டங்கள் எதிலும் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. நடைமுறையில் யாரை விலக்கின என்பது எல்லாருக்கும் தெரியும்.

விண்டர் பார்க்கில் ஹானிபல் ஸ்கொயரை நீக்க விரும்பியவர்கள் உள்ளூர் வாக்கெடுப்புக்குப் போகவில்லை. போனால் மேற்கே இருப்பவர்களும் வாக்களிப்பார்கள். அவர்கள் நேராக மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார்கள். 1893இல் சட்டமன்றம் விண்டர் பார்க்கின் எல்லையை மாற்றி வரைந்தது. ஹானிபல் ஸ்கொயர் வெளியே போனது.

ஒருவரும் வீட்டைவிட்டுத் துரத்தப்படவில்லை. ஒரு குடிசையும் எரியவில்லை. காலையில் எழுந்தவர்கள் அதே தண்டவாளத்தைக் கடந்து அதே வீடுகளுக்கு வேலைக்குப் போனார்கள். ஆனால் அவர்கள் கட்டிய ஊரில் அவர்களுக்கு வாக்கு இல்லை, உறுப்பினர் இல்லை, கேள்வி கேட்க இடம் இல்லை. உழைப்பு எல்லைக்குள், உழைப்பவர் எல்லைக்கு வெளியே. சேரியைப் பற்றி நாம் பேசிவருவது வேறு என்ன?

முப்பத்திரண்டு ஆண்டுகள் இப்படியே போயின. 1925இல் ஃபுளோரிடாவில் நிலவணிகம் கொழித்த காலத்தில், விண்டர் பார்க் நகரம் என்ற உயர்ந்த தகுதியைப் பெற விரும்பியது. அதற்கு வாக்காளர் எண்ணிக்கை தேவைப்பட்டது. ஹானிபல் ஸ்கொயர் மறுபடியும் எல்லைக்குள் சேர்க்கப்பட்டது. அந்த நேரத்தில் தலைவரி இருந்தது. தெற்கு முழுவதும் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வே உண்மையான தேர்தலாக இருக்க, அதில் வெள்ளையர் மட்டுமே பங்கேற்கலாம் என்ற வழக்கமும் இருந்தது. ஆள்கணக்குக்கு உள்ளே வந்தார்கள், ஆட்சிக்கு வரவில்லை.

1887இல் எண்ணிக்கைக்காக அழைத்து, 1893இல் அரசியலுக்காக நீக்கி, 1925இல் எண்ணிக்கைக்காகத் திரும்ப அழைத்த இந்த வரலாற்றில் மாறாமல் இருந்தது ஒன்றுதான். கோடு வரையும் பென்சில் ஒருமுறைகூட ஹானிபல் ஸ்கொயர் மக்களின் கையில் இல்லை.

ஈட்டன்வில்: தாங்களே வரைந்த எல்லை

இப்போது விண்டர் பார்க்கின் அண்டை ஊருக்கு வருவோம். நடந்தே போய்விடலாம், அவ்வளவு பக்கம். அங்கே ஜோ கிளார்க் என்ற கறுப்பினத்தவர் தம் மக்களுக்கென்று ஓர் ஊர் அமைக்க நிலம் தேடிக்கொண்டிருந்தார். கறுப்பின மக்கள் மொத்தமாக நிலம் வாங்கி ஊர் அமைப்பதற்கு விற்க முன்வந்த வெள்ளையர் அரிது. கடைசியில் ஜோசையா ஈட்டன் என்பவர் விற்க முன்வந்தார். நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த லூயிஸ் லாரன்ஸ் என்ற கொடையாளர் பணம் தந்து உதவினார். சிறிது சிறிதாக வாங்கிய நிலம் 112 ஏக்கர் ஆனது. ஒரு பகுதி தேவாலயத்துக்கு. மீதி வீட்டுமனைகள்.

1887 ஆகஸ்ட் 15. நம் நாடு விடுதலை பெறுவதற்குச் சரியாக அறுபது ஆண்டு முன்பு, அதே தேதியில், இருபத்தேழு கறுப்பின ஆண்கள் கூடி வாக்களித்து ஈட்டன்வில்லை நகராட்சியாக்கினார்கள். விண்டர் பார்க் வாக்கெடுப்புக்கு இரண்டு மாதம் முன்பு. முதல் மேயர் கொலம்பஸ் போகர். கிளார்க் கடை நடத்தினார், பின்னர் அவரும் மேயரானார். மேயர், மன்றம், மார்ஷல் எல்லாரும் கறுப்பின மக்கள். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் தாங்களே அமைத்துச் சட்டப்படி பதிவுசெய்த முதல் ஊர்களில் ஒன்று இது. ஊரில் ஒரு வெள்ளையர் குடும்பம்கூட இல்லை என்பதையே பெருமையாகச் சொல்லி, வந்து மனை வாங்குங்கள் என்று 1889இல் அந்த ஊர்ப் பத்திரிகை மற்ற ஊர் மக்களை அழைத்தது.

1897இல் டஸ்கீஜியில் படித்துவந்த ரஸ்ஸல் கால்ஹூனும் அவர் துணைவி மேரியும் அங்கே ஹங்கர்ஃபோர்டு பள்ளியைத் தொடங்கினார்கள். பாடமும் கைத்தொழிலும் சேர்த்துக் கற்பிக்கும் பள்ளி. காலப்போக்கில் பள்ளியின் நிலம் 300 ஏக்கரைத் தாண்டியது.

இந்த ஊரை உலகம் அறியச்செய்தவர் ஜோரா நீல் ஹர்ஸ்டன். 1891இல் அலபாமாவில் பிறந்து, குழந்தையாகவே ஈட்டன்வில்லுக்கு வந்துவிட்டார். அவருடைய தந்தை ஜான் ஹர்ஸ்டன் மதபோதகர், ஊரின் மேயராகவும் இருந்தவர். 1928இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஹர்ஸ்டன், தான் ஒரு கறுப்புப் பெண் என்பதே ஈட்டன்வில்லில் இருந்தவரை தனக்கு உறைக்கவில்லை என்றும், பதின்மூன்று வயதில் பள்ளிக்காக ஜாக்ஸன்வில் நகரத்துக்குப் போனபோதுதான் அது தெரிந்தது என்றும் சொல்கிறார். தோழர்களே, இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். எந்த வயதில், யார் வாயிலிருந்து, தன் சாதிப் பெயரை ஒரு வசையாகக் கேட்டோம் என்பது நம் ஒவ்வொருவருக்கும் நினைவிருக்கும். பதின்மூன்று ஆண்டுகள் அது காதில் விழாமல் ஒரு குழந்தை வளர முடிந்தது. ஒரு நகராட்சி எல்லை அந்தக் குழந்தைக்குக் கொடுத்தது அதைத்தான்.

அதற்காக அவர் தம் ஊரைச் சொர்க்கமாக எழுதிவிடவில்லை. 1937இல் வந்த ‘அவர்கள் கண்கள் கடவுளைப் பார்த்துக்கொண்டிருந்தன’ நாவலில் ஜோ ஸ்டார்க்ஸ் என்ற பாத்திரம் ஜோ கிளார்க்கின் சாயலில் அமைந்தது. அவன் ஊருக்கு நிலம் வாங்குகிறான், கடை போடுகிறான், தெருவிளக்கு ஏற்றுகிறான், மேயராகிறான். அவன் மனைவி ஜேனியை மட்டும் கடைத்திண்ணைப் பேச்சில் கலந்துகொள்ள விடமாட்டான், ஊர்க்கூட்டத்தில் பேசவிடமாட்டான். இருபத்தேழு ஆண்கள் வாக்களித்த ஊரில் பெண்கள் எங்கே இருந்தார்கள் என்று ஒரு பெண் எழுத்தாளர் ஐம்பது ஆண்டு கழித்துக் கேட்ட கேள்வி அது. தன்னாட்சி கிடைத்தவுடன் உள்ளே உள்ள ஏற்றத்தாழ்வு தானாகக் கரைந்துவிடும் என்று நம்புகிறவர்கள் அந்த நாவலைப் படிக்கவேண்டும்.

ஓகோயி: எல்லையும் இல்லை, வாக்கும் இல்லை

மூன்றாவது ஊர் ஓகோயி. ஈட்டன்வில்லிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள். அங்கே கறுப்பின மக்கள் ஆரஞ்சுத் தோட்டங்களுக்குச் சொந்தக்காரர்களாக வளர்ந்திருந்தார்கள். மோஸ் நார்மன், ஜூலை பெர்ரி போன்றவர்கள் வசதியானவர்கள். 1920 நவம்பர் 2 அமெரிக்க அதிபர் தேர்தல் நாள். வாக்களிக்கப் போன மோஸ் நார்மன் திருப்பி அனுப்பப்பட்டார். அவரைத் தேடுவதாகச் சொல்லி ஒரு வெள்ளையர் கும்பல் அன்றிரவு ஜூலை பெர்ரியின் வீட்டைச் சூழ்ந்தது. பெர்ரி கொல்லப்பட்டு ஆர்லாண்டோவில் தொங்கவிடப்பட்டார். கறுப்பின மக்களின் வீடுகளும் தேவாலயங்களும் எரிக்கப்பட்டன, பலர் கொல்லப்பட்டனர். உயிர்பிழைத்தவர்கள் நிலத்தையும் தோட்டத்தையும் விட்டுவிட்டு ஊரைவிட்டே வெளியேறினார்கள். ஹர்ஸ்டன் இந்தப் படுகொலையைப் பற்றியும் பின்னாளில் எழுதினார். ஐந்து ஆண்டு கழித்து, 1925இல் ஓகோயி நகரமானது. பல பத்தாண்டுகள் அங்கே கறுப்பின மக்கள் வாழவில்லை. நகர நிர்வாகம் நடந்ததை முறைப்படி ஒப்புக்கொண்டது 2018இல்தான்.

வெண்மணியும் கொடியங்குளமும் தெரிந்த நமக்கு ஓகோயியை விளக்கவேண்டியதில்லை. நான் சொல்லவருவது ஒப்பீட்டை. ஒரே கவுண்டி, ஏறத்தாழ ஒரே தலைமுறை. ஓகோயியில் நிலம் இருந்தது; வாக்கு பறிக்கப்பட்டது, ஊர் நிர்வாகமும் காவலும் கையில் இல்லை; ஒரே இரவில் எல்லாம் போயிற்று. ஹானிபல் ஸ்கொயரில் மனை இருந்தது, சிலகாலம் வாக்கும் இருந்தது. எல்லை பிறர் கையில் இருந்ததால் வாக்கு பயனற்றுப் போயிற்று. ஈட்டன்வில்லில் நிலம், வாக்கு, எல்லை மூன்றும் ஒருசேர இருந்தன. அந்த ஊர் நின்றது.

சட்டம் என்ன சொன்னது

விண்டர் பார்க்கில் 1893இல் நடந்ததை நீதிமன்றத்தில் கேட்டிருக்க முடியாதா? அக்காலத்தில் கடினம். நகராட்சி என்பது மாநில அரசின் படைப்பு, அதன் எல்லையை மாநிலம் விரும்பியபடி மாற்றலாம் என்று 1907இல் பிட்ஸ்பர்க் நகரம் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றமே சொன்னது.

அதற்கு ஒரு வரம்பு வந்தது 1960இல். அலபாமா மாநிலத்தின் டஸ்கீஜி நகரம் சதுர வடிவில் இருந்தது. கறுப்பின வாக்காளர் எண்ணிக்கை கூடிவருவதைப் பார்த்து, 1957இல் மாநிலச் சட்டமன்றம் அதன் எல்லையை இருபத்தெட்டுப் பக்கங்கள் கொண்ட ஒரு விசித்திர வடிவமாக மாற்றியது. சுமார் 400 கறுப்பின வாக்காளர்களில் நாலைந்து பேரைத் தவிர மற்ற எல்லாரும் நகருக்கு வெளியே போனார்கள். வெள்ளையர் ஒருவர்கூட வெளியே போகவில்லை. இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களின் முன்னணியில் நின்றவர் சார்லஸ் கோமிலியன், டஸ்கீஜியில் சமூகவியல் பேராசிரியர். மக்கள் வெள்ளையர் கடைகளைப் புறக்கணித்தும் போராடினார்கள். எல்லையை மாற்றுவது மாநிலத்தின் உரிமை என்றாலும், அதை வாக்குரிமையைப் பறிக்கும் கருவியாக்குவது 15ஆவது திருத்தத்துக்கு விரோதம் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சமூகவியல் படிக்கும் மாணவர்கள் கவனிக்கவேண்டும். வழக்கின் உயிர் ஒரு வரைபடத்திலும் ஒரு தலைக்கணக்கிலும் இருந்தது.

எல்லை மட்டும் போதுமா

ஈட்டன்வில் நின்றது என்றேன். எப்படி நிற்கிறது என்பதையும் சொல்லவேண்டும். இன்று அங்கே மக்கள்தொகை இரண்டாயிரத்துச் சொச்சம். 1960களில் பெரும் நெடுஞ்சாலை ஒன்று ஊரை ஊடறுத்துப் போடப்பட்டது. 1987இல் ஊரின் முதன்மைச் சாலையை ஐந்து தடமாக அகலப்படுத்தக் கவுண்டி திட்டமிட்டது. வந்தால் ஊரின் நடுப்பகுதியே காணாமல் போகும். மக்கள் அமைப்பாகத் திரண்டார்கள். அவர்கள் கையிலெடுத்த ஆயுதம் இலக்கியம். ஹர்ஸ்டனின் ஊர் இது என்று உலகுக்குச் சொல்ல 1990இல் அவர் பெயரில் ஆண்டு விழாவைத் தொடங்கினார்கள். 1998இல் ஊரின் பழைய பகுதி தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் ஏறியது. இலக்கிய அமைப்பு நடத்துவதால் என்ன பயன் என்று நம்மைக் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில்களில் இதுவும் ஒன்று.

பள்ளி நிலத்தின் கதை கசப்பானது. 1951இல் ஹங்கர்ஃபோர்டு பள்ளியின் 300 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைக் கவுண்டியின் பள்ளி வாரியம் சுமார் 16,000 டாலருக்கு வாங்கியது. கறுப்பின மாணவர்களின் கல்விக்கே பயன்படுத்தவேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனை காலப்போக்கில் தளர்த்தப்பட்டது, நிலம் துண்டு துண்டாகக் கைமாறியது. கடைசியில் எஞ்சிய சுமார் 100 ஏக்கரை ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு 1.4 கோடி டாலருக்கு மேல் விற்க ஏற்பாடாயிற்று. மக்கள் எதிர்த்தார்கள், வழக்குத் தொடுத்தார்கள். 2023இல் அந்த விற்பனை ஏற்பாடு கைவிடப்பட்டது. நகராட்சி எல்லைக்குள் கிடக்கும் நிலம், ஆனால் உரிமை வெளியாரிடம். எல்லை கையில் இருந்தும் நிலம் நழுவினால் என்ன ஆகும் என்பதற்கு இது சாட்சி.

பஞ்சமி நிலம் என்ற சொல் உங்கள் மனத்தில் எழுந்திருக்கும். ஒடுக்கப்பட்டோருக்கென்று நிபந்தனையோடு ஒதுக்கப்பட்ட நிலம், நிபந்தனை ஏட்டில் இருக்கும்போதே கைமாறிப்போகும் விந்தையை நாமும் அறிவோம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு வழி பிறந்தது. அந்த நிலத்தை மீட்கக் கேட்டதற்கு 1994இல் துப்பாக்கிச் சூட்டைச் சந்தித்தோம்.

நாம் கேட்டதும் நமக்குக் கிடைத்ததும்

1942 ஜூலையில் நாகபுரி மாநாட்டில் அம்பேத்கர் தலைமையில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு உருவானபோது நிறைவேறிய தீர்மானங்களில் ஒன்று தனிக் குடியமர்வு. தலித் மக்களுக்குத் தனிக் கிராமங்கள் வேண்டும் என்பது. 1947இல் எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ ஆவணத்தில் அதை விரிவாக்கினார். அரசு நிலங்களைக் கையில் வைத்துக் குடியமர்த்த ஓர் ஆணையம், அதற்கு அரசமைப்பின் பாதுகாப்பு. கூலிக்கு ஊரை நம்பி ஊருக்கு வெளியே வாழும் வரை விடுதலை இல்லை என்பது அவருடைய வாதம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்தை அவர் அறிந்தே இருந்தார். 1946இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் படியைக் கேட்டார்.

அம்பேத்கர் கேட்டது ஈட்டன்வில் போன்ற ஊர். கூடவே ஈட்டன்வில்லுக்கு இல்லாத அரசமைப்புப் பாதுகாப்பும். நமக்குக் கிடைத்தது ஹானிபல் ஸ்கொயர். ஆதிதிராவிடர் நலத்துறை வாங்கிக் கொடுத்த மனைகள், ஊருக்கு அப்பால் ஒரு காலனி, பஞ்சாயத்துக் கணக்கில் சில வார்டுகள். பட்டா உண்டு, பாதை கிடையாது. வாக்கு உண்டு, மயானத்துக்கு வழி கிடையாது. 73ஆவது திருத்தம் வழியாகத் தலைவர் பதவி ஒதுக்கப்பட்டபோது என்ன நடந்தது? 1997 ஜூன் 30இல் மேலவளவு பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனும் உடனிருந்தோரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊர்களில் 2006 வரை முறையாகத் தேர்தல் நடத்தவே விடவில்லை. 2025இல் காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அறிவிப்பு வந்தது. வரவேற்போம். பெயர் போனபின் கோடு எங்கே போகிறது என்பதையும் பார்ப்போம்.

தனிக் குடியமர்வு சரியா, கலந்து வாழ்வது சரியா என்று நமக்குள் வாதம் உண்டு. ஹர்ஸ்டனே 1955இல், பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பை விமர்சித்துக் கடிதம் எழுதி, தம் மக்களிடமே கண்டனம் வாங்கினார். அந்தத் தீர்ப்பு இல்லாமல் பிந்தைய போராட்டங்கள் இல்லை என்பதால் அவரோடு நான் உடன்படவில்லை. ஆனால் பிரிந்து வாழ்வதா, சேர்ந்து வாழ்வதா என்ற கேள்விக்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது. பிரிப்பதையும் சேர்ப்பதையும் முடிவுசெய்வது யார்? ஹானிபல் ஸ்கொயர் சேர்க்கப்பட்டபோதும் நீக்கப்பட்டபோதும் முடிவு அதன் கையில் இல்லை. ஈட்டன்வில் தனியாக நின்றபோது முடிவு அதனுடையது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். உங்கள் ஊர்க் கிராம வரைபடத்தை வாங்குங்கள். ஊர் நத்தம் எங்கே, சேரி நத்தம் எங்கே என்று குறியுங்கள். உங்கள் ஊராட்சியின் அல்லது பேரூராட்சியின் வார்டு எல்லைகளை அதன்மேல் வரையுங்கள். நகராட்சி விரிவாக்கம் நடந்த இடங்களில் எந்தக் குடியிருப்பு எந்த ஆண்டில் சேர்ந்தது, எது இன்னும் விடுபட்டிருக்கிறது என்று விசாரியுங்கள். வார்டு மறுவரையறையின்போது ஆட்சேபம் தெரிவிக்கக் குறிப்பிட்ட நாட்கள் உண்டு. அந்த நாட்களில் போய் மனுக்கொடுங்கள். டஸ்கீஜியில் வழக்கை வென்று கொடுத்தது அப்படிப்பட்ட ஒரு வரைபடம்தான்.

அண்ணன் கடைசியாகப் போட்ட வரைபடம் ஒன்று என்னிடம் இருக்கிறது. பென்சிலால் வரைந்தது. சேரிக்கும் ஊருக்கும் நடுவில் உள்ள கோட்டின்மேல் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். அதற்குப் பதில் எழுதும் வேலை நம்முடையது.

ஜெய்பீம்.